மாற்றிச் சொன்ன செய்தி: இரு பருவக்கதைகள்

பொங்கல் சிறப்பிதழ்களுக்குப் பழகிப்போன கதைதான். மனிதர்கள் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும், மாதம் ஒருமுறை உண்ணட்டும் என்று சொல்லிவரச் சிவன் நந்தியை அனுப்புகிறார். நந்தி மாற்றிச் சொல்லிவிடுகிறது: நாள்தோறும் உண்ணுங்கள், மாதம் ஒருமுறை குளியுங்கள். இத்தனை வாய்க்கும் சோறு விளைய வேண்டுமே, நீயே போய் ஏர் இழு என்று சிவன் அதைப் பூமிக்குத் துரத்துகிறார். நந்திக்குப் பதில் பசவன் என்று சொல்பவர்களும் உண்டு.

இதை எடைபோடத் தகுந்த இணை ஜப்பானில் கிடைக்கிறது. புத்தாண்டுக் காலையில் வந்து வணங்கும் விலங்குகளில் முதல் பன்னிரண்டுக்கு ஆளுக்கோர் ஆண்டு தருவதாகக் கடவுள் அறிவிக்கிறார். தன் நடை மெது என்று அறிந்த எருது முந்திய இரவே கிளம்புகிறது. அதன் முதுகில் ஏறிவந்த எலி, வாசலில் குதித்து முதலிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்கு எலி நாளை மாற்றிச் சொல்லியிருந்ததால் பூனைக்கு ஆண்டே இல்லை. சீனத்திலிருந்து வந்த இந்தப் பன்னிரு விலங்குச் சுழற்சி, 1873இல் ஜப்பான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிய பின்னும் அழியவில்லை. இன்றும் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் அவ்வாண்டின் விலங்கு இடம்பெறுகிறது.

இரண்டிலும் கடவுள் உண்டு, எருது உண்டு, தடம்புரண்ட செய்தி உண்டு. பருவக்கதை என்ற வகையில் ஜப்பானியக் கதைக்கே முதல் மதிப்பெண். அதன் நாள் கதைக்குள்ளேயே இருக்கிறது. புத்தாண்டுக் காலையை எடுத்துவிட்டால் கதை நிற்காது. நந்தி கதையில் தை மாதம் இல்லை. அதை ஆடியில் சொன்னாலும் குறைவராது. ஆனால் கட்டுக்கோப்பில் ஜப்பானியக் கதை தளர்ந்தது. எலி, எருது, பூனை மூன்றுக்கு மட்டுமே அதில் காரணம் அமைந்திருக்கிறது. மற்றவை பெரும்பாலும் வரிசையில் வந்து நிற்பவை. நந்தி கதையிலோ உபரியாக ஒரு சொல்லும் கிடையாது. தினம் உண்பவனுக்கு அதிக நெல் வேண்டும், அதிக நெல்லுக்கு உழவு வேண்டும், உழவுக்கு மாடு வேண்டும். பிழையின் வயிற்றிலிருந்தே தண்டனை பிறக்கிறது. இத்தனை சிறிய கதையில் இவ்வளவு இறுகிய காரணச் சங்கிலி அரிது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாவு தவறியதற்கு ஆயுள் முழுக்க நுகத்தடி என்பது அநீதி. தண்டனையைச் சொல்லும் கதை, நன்றி சொல்லும் மாட்டுப் பொங்கலுக்கு எப்படிப் பொருந்தும்? சிறப்பிதழ்களும் சிறுவர் நூல்களும் இந்த முரணைக் காணாமல், ‘ஆகவேதான் மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிறோம்’ என்று ஒட்டுப்போட்டு முடிக்கின்றன. அந்த ‘ஆகவே’ கதையில் சம்பாதிக்கப்படாதது.

முரண் கதையின் தோல்வியா, அச்சின் தோல்வியா? அச்சின் தோல்வி என்பதே என் முடிபு. சேர்வராயன் மலையடியில் உள்ள பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வைத்து இதை வாசித்தால் காரணம் விளங்கும். அவ்வட்டாரம் அடங்கிய தருமபுரி மாவட்டம் நடுகற்களின் நிலம். தொறு (மாட்டு மந்தை) கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் இறந்தவர்களுக்கு எழுந்த கற்கள் அவற்றில் பல. 1970களில் இரா. நாகசாமி காலத்தில் தமிழகத் தொல்லியல் துறை இவ்வகைக் கற்களை முறையாகப் பதிவு செய்தது. கற்களில் மாட்டுக்காக மனிதன் உயிர் கொடுக்கிறான். நந்தி கதையில் மனிதனுக்காக மாடு கழுத்தைக் கொடுக்கிறது. கற்களுக்கும் கதைக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. மாட்டோடு இவ்வளவு பெரிய கணக்கு வைத்திருந்த நிலத்தில் இந்தக் கதை தனியே நிற்கவில்லை என்பதே என் வாதம். பிழைத்தது நந்தி, தண்டித்தது சிவன், மூன்று வேளை உண்பது நாம். கேட்பவனைப் பயனாளியாக நிறுத்திவிட்டுக் கதை சட்டென்று நின்றுவிடுகிறது. மீதியை நடத்துவது சடங்கு: குளிப்பாட்டல், கொம்புக்கு வண்ணம், கழுத்துக்குச் சலங்கை, முதல் கவளம். மாதம் ஒரு குளியல் என்று உளறியதாகச் சொல்லப்படும் விலங்கை அன்று குளிப்பாட்டுகிறவன் மனிதன்தான். இந்த நுட்பத்தை எந்தச் சிறப்பிதழும் தொட்டு நான் கண்டதில்லை.

ஜப்பானிய எருதுக்கு இப்படி ஒரு கடன் எழுவதில்லை. அது ஏமாற்றப்படுகிறது, இரண்டாமிடத்தை ஏற்கிறது, கணக்கு முடிகிறது. கேட்பவன் சிரித்துவிட்டுப் போகலாம்.

தொகுப்பு முறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஜப்பானிய நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட ‘தோனோ மோனோகதாரி’ என்ற கதைத் தொகுப்பின் 119 பகுதிகளும் சசாகி கிசென் என்ற ஒருவர் வாய்வழி வந்தவை. அவற்றைத் தம் இலக்கிய நடைக்கு மாற்றியது யானகிதாவின் குறை, ஊரையும் வழக்கத்தையும் கதையோடு சேர்த்தே வைத்தது நிறை. இங்கே நடேச சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ் நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் தரத் தொடங்கிவிட்டார். தொடக்கம் முந்தியது, ஆனால் கதையைச் சொல்லும் நாளும் இடமும் உடன்வரவில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 2001இல் வெளியிட்ட தமிழ்க் கதைத் தொகுப்பு வாய்மொழிப் பதிவுகளையே அடிப்படையாகக் கொண்டு இக்குறையைப் பெரிதும் சரிசெய்தது. நந்தி கதைக்கு அந்த ஒழுங்கு இன்னும் வாய்க்கவில்லை. உழவு டிராக்டருக்குப் போய், ஊர்களில் எருது விடும் விழாவுக்கென்றே காளை வளர்க்கப்படும் இந்நாளில், ஏர் பூட்டியவர்கள் இருக்கும்போதே மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் வைத்துப் பதிவு செய்தால்தான் கதையும் சடங்கும் ஒரே பிரதியாகக் கைக்கு வரும்.