எண்ணி முடித்த பிறகு

தனிநாடு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மக்கள் வாக்களித்த மறுநாள் எழுதப்படுகிற எழுத்து, தனியாக ஒரு இலக்கிய வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. கவிதை, தலையங்கம், அறிக்கை, முகநூல் பதிவு என்று வடிவம் மாறலாம். உள்ளே இருக்கிற சரக்கு மூணே மூணுதான். ஜெயித்தவர் விழுக்காட்டை எழுதுவார். தோற்றவர் யார் காலை வாரிவிட்டது என்று எழுதுவார். தூரத்தில் இருப்பவர் ‘நம்ம ஊரில் இது எப்போ நடக்கும்?’ என்று எழுதுவார்.

1995 அக்டோபர் 30 இரவு கியூபெக்கில் சுமார் 54,000 வாக்கு வித்தியாசத்தில் பிரிவினைத் தரப்பு தோற்றது. அன்று இரவே மேடையேறிய முதல்வர் ஜாக் பாரிசோ, தோல்விக்குக் காரணம் பணமும் சிறுபான்மை இனத்தாரின் வாக்குகளும்தான் என்றார். மறுநாள் பதவி விலகலை அறிவித்தார். பல வருஷம் உழைத்துக் கட்டிய வாதத்தை அந்த ஒரு வாக்கியம் காலிசெய்துவிட்டது. காரணம் எளிது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் புலம்பெயர்ந்தவரை ‘நீ எங்கள் எண்ணிக்கையில் இல்லை’ என்று அது சொல்லிவிட்டது. ஒரு தேசியம் தன் மக்கள் என்று யாரையெல்லாம் நினைக்கிறது என்பதை, வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைவிட வாக்கு எண்ணிய பிறகு வரும் பேச்சு தெளிவாகக் காட்டிவிடும். இந்த வகை எழுத்தை நான் விடாமல் படிப்பதும் அதற்காகத்தான்.

நம்மிடமும் அப்படி ஒரு வாக்கெடுப்பு உண்டு. 1976 மே 14 அன்று நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து, 2009, 2010 ஆண்டுகளில் புலம்பெயர் ஈழத்தமிழர்கள் நாடு நாடாக வாக்களித்தார்கள். நார்வேயில் 2009 மே 10. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிவதற்கு ஒரு வாரம்தான் பாக்கி. அப்புறம் டிசம்பரில் பிரான்ஸ், கனடா. அடுத்த ஜனவரியில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன். கனடாவில் 48,000 பேருக்கு மேல், பிரிட்டனில் 64,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். இரண்டு இடத்திலும் ‘ஆம்’ 99 விழுக்காட்டைத் தாண்டியது.

அந்த நாட்களில் தமிழில் வந்த எதிர்வினைகளை இப்போது எடுத்துப் படித்தால், கண்ணில் படுவது 99 என்கிற எண்தான். ஆதரித்தவர்கள் அதைக் கொடியாக்கினார்கள். கேலி செய்தவர்கள், இப்படி ஒரு எண் சர்வாதிகார நாட்டுத் தேர்தலில்தான் வரும் என்றார்கள். கேலிக்காரர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்பது என் கருத்து. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது அரசியல் திருத்தத்துக்குப் பிறகு, இலங்கைக்குள் தனிநாட்டை ஆதரித்துப் பேசுவதே குற்றம். உள்ளே கேட்க முடியாத கேள்வியை வெளியே கேட்டார்கள், அவ்வளவுதான். சொந்தபந்தத்தின் பிணத்தைக்கூடப் பார்க்க முடியாதவர்கள், பனியில் வரிசையில் நின்று ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டார்கள். அதை அரசியல் கணக்காக மட்டும் படிப்பவருக்கு வாசிக்கவே தெரியவில்லை என்பேன்.

ஆனால் கொடியாக்கியவர்களின் எழுத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் யார் வாக்களித்தார்கள்? அங்கே குடியிருக்கிறவர்கள். போலந்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளிக்கு வாக்கு இருந்தது. லண்டனில் வாழும் ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. விளைவை யார் தலையில் சுமக்கப்போகிறார்களோ அவர்கள் முடிவெடுக்கட்டும் என்பது அதன் நியாயம். நம் வாக்கெடுப்பில் இது தலைகீழ். வேறு வழி இல்லாததால் தலைகீழ் என்பது சரி. ஆனால் அந்த வழியின்மையைப் பற்றி ஒரு நல்ல கவிதையாவது வந்திருக்க வேண்டும். வந்ததெல்லாம் வாழ்த்துரை.

ஒரு வாக்கின் விளைவு, அந்த வாக்கைப் போடாதவர் தலையில் விழுவது ஈழத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1977 ஜூலை 21 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக்கு ஆணை கேட்டு நின்றது. 18 இடங்கள் ஜெயித்தது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அடுத்த மாதமே கலவரம். அதில் கடுமையாக அடிபட்டவர்களில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் அந்த ஆணையைக் கொடுக்கவில்லை. அவர்களுடைய தலைவர் தொண்டமான் வட்டுக்கோட்டைத் தீர்மானத்திலிருந்து விலகி நின்றவர். ஆனாலும் தாக்க வந்தவர்களுக்குத் தமிழன் என்றால் தமிழன்தான். லயத்தை விட்டு ஓடிய பல குடும்பங்கள் வன்னியில் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் போர் கடைசியாக நசுக்கியதும் அதே வன்னியைத்தான்.

சயந்தனின் ‘ஆதிரை’ முக்கியமான நாவல் என்று நான் நினைப்பது இதனால்தான். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களை ஈழப்போரின் கதைக்கு நடுவில் அது கொண்டுவந்து உட்காரவைத்தது. யுத்த நாவல், பெரிய நாவல் என்று பேசுகிறோம். அந்த மக்கள் எந்தத் தேர்தலின் பின்விளைவாக வன்னிக்கு வந்தார்கள் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒருதரம் படித்துப் பாருங்கள். நாவல் வேறு மாதிரி திறக்கும்.

இன்னும் பின்னால் போனால் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து இலங்கையின் முதல் நாடாளுமன்றத்துக்குப் போனவர். தோட்டத் தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எழுத்தாளர். அடுத்த வருஷமே நாடு சுதந்திரமடைந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. தனக்கு ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டே பறிபோவதை அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து பார்த்தார். ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’ என்று அவர் வைத்த தலைப்புகளைச் சோக அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவை சட்டம் கொடுத்த அடையாளம். சுதந்திரத்துக்குப் பின்னான எதிர்வினை இலக்கியத்தில் என்னைக் கேட்டால் அவர்தான் முதல் ஆள். ஏனென்றால் எண்ணிக்கையிலிருந்து கழிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று எழுதினார்.

இதையெல்லாம் குரங்கணியில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இங்கே இது தூரத்துக் கதை இல்லை. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி, கீழே கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போனது. கொழுக்குமலை தேனி மாவட்டம்தான். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். போடியிலிருந்து விடியக்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், போடிமெட்டில் மாநிலம் கடந்து போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள்.

இந்தக் கோட்டுக்கு வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. மாநில எல்லை வேறு, தனிநாடு வேறு, தெரியும். ஆனால் வாதம் ஒன்றுதான். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழர்கள் பெரும்பான்மை என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அந்தப் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்த குடியேற்றத்தால் உண்டானது என்பது, மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் சொன்ன வாதங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்கிட்டு வந்தன. இந்த மலை அங்கிட்டுப் போனது. கொழும்பில் 1948இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. கூலிக்கு வந்தவன் தலையை எண்ணாதே.

அப்போது நம் தரப்பு எதிர்வினை என்ன? மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராஜர் பெயரில் உலவும் வாசகம். அறுபது வருஷத்துக்கு மேலாக அதைத் திட்டுபவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், மெச்சுபவர்களும் காட்டுகிறார்கள். இரு தரப்பும் ஊர்ப்பெயரை வைத்து விளையாடிய சாமர்த்தியத்தில் நின்றுவிடுகின்றன. அந்த மேட்டிலும் குளத்திலும் கொழுந்து கிள்ளியவர்கள் வாக்கியத்திலேயே இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு சண்டை முற்றியபோது, இடுக்கியை மீட்போம் என்று இங்கே மேடைகள் முழங்கின. அதே நாட்களில் தோட்டங்களில் அடிவாங்கிய தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வந்தார்கள். முழக்கம் போட்டவர்களுக்கு அந்த வாரக் கூலி போகவில்லை.

ஆகவே என் விமர்சன அளவுகோல் ஒன்றுதான். சுயநிர்ணயத்தை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். கட்டலோனியாவைப் பற்றியோ, குர்திஸ்தானைப் பற்றியோ, ஈழத்தைப் பற்றியோ எழுதலாம். பட்டியலில் பெயர் இல்லாமல் விளைவை மட்டும் வாங்கிக்கொண்டவர் உங்கள் எழுத்தில் எங்கே இருக்கிறார் என்று தேடுவேன். 2003இல்தான் இலங்கையில் மிச்சமிருந்த நாடற்ற தமிழர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. 1948இலிருந்து 55 வருஷம். இந்த 55 வருஷத்தைத் தனிப் பாகமாக எழுதுகிற ஒரு நாவலுக்காகக் காத்திருக்கிறேன். படிக்கிற உங்களில் யாராவது எழுதினால், முதல் மதிப்புரை என்னுடையது.