பனிமனிதனும் சித்திர சபையும்

ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' 1978இல் வந்த படப் புத்தகம். கதையில் ஒரு சொல்கூடக் கிடையாது. 1982இல் டயான் ஜாக்சன் அதை அனிமேஷன் படமாக்கினார். அதிலும் பனிமனிதன் பேசுவதில்லை. ஹோவர்ட் பிளேக்கின் இசையும் நடுவில் ஒரு பாட்டும்தான்.

எனக்குப் பிடித்தது கோடுகளின் நடுக்கம். பிரிக்ஸ் வண்ணப் பென்சிலால் வரைந்தவர். அந்தச் சொரசொரப்பு போய்விடக் கூடாதென்று, வழவழப்பான பெயின்ட்டை ஒதுக்கிவிட்டு, செல்லுலாய்டு தாள்மேல் கிரேயானும் பாஸ்டலும் தேய்த்தே படக்குழுவினர் வரைந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் தேய்ப்பு சற்றே மாறுவதால், சும்மா நிற்கும் பனிமனிதன்கூட மெல்லத் துடிக்கிறான். கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் புத்தகத்தில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. அது கொஞ்சம் அதிகப்படிதான்.

சாரல் நேரத்தில் குற்றாலத்தில் நடராசருக்குரிய சித்திர சபைக்குள் போனால், படம் துடிக்கும் இந்த ஆட்டம் தலைகீழ். இங்கே நடராசரே சுவரோவியம். சுற்றிலும் மூலிகை வண்ணத்தில் புராணக் காட்சிகள். படம் நிற்கிறது, நாம் நகர்கிறோம். கூட வரும் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் கதை ஓடும், "இது யாரு தாத்தா?" என்று கேட்டால் நின்றுவிடும். தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அருவியில் தண்ணீர் குறைந்த நாளாகப் பார்த்துப் போனால் கூட்டமும் இருக்காது.