ஓப்பனா சொன்னா...

‘ஓப்பன்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்வது ஒன்று. நாலு பேர் அறியச் சொல்வது இன்னொன்று. தமிழில் ‘வெளிப்படையாக’ என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். பிரித்துச் சொல்லவும் வழி இருக்கிறது: முன்னதற்கு ‘மனம்விட்டு’, பின்னதற்கு ‘பகிரங்கமாக’. பகிரங்கம் வடமொழியிலிருந்து வந்த சொல். வெளிப்புறம் என்பது அதன் மூலப்பொருள். மலாயிலும் ‘தெருஸ் தெராங்’ வேறு, ‘செச்சாரா தெர்புக்கா’ வேறு.

நம் ஊர் இலக்கியப் பேச்சில் புழங்கும் ‘ஓப்பனா’ இதில் எந்தப் பக்கம்?

நூல் வெளியீட்டில் ஒருவர் மேடையேறி, ‘இது ஒரு மைல்கல்’ என்பார். நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரே குரலைத் தாழ்த்துவார்: “ஓப்பனா சொன்னா, புத்தகம் ஒண்ணும் சரியில்ல.” மனம் திறந்தாச்சு, ஆனா கதவு சாத்தியே இருக்கு. யாரிடமும் சொல்லக் கூடாததுக்குத்தான் இங்கே ‘ஓப்பன்’ என்று பேர்.

நட்டம் எழுதியவருக்குத்தான். மேடைப் பேச்சு மட்டும் அவர் காதுக்குப் போகிறது. முதல் தொகுப்பில் இருந்த அதே குறைகளோடு இரண்டாவதும் வரும். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னனுக்குக் கேடு செய்ய வேறு எதிரி தேவையில்லை என்பது குறளின் கருத்து. மன்னனுக்குச் சொன்னது எழுத்தாளனுக்கும் பொருந்தும்.

இதற்கு நேரெதிர் கூட்டமும் உண்டு. “நான் ஓப்பனா பேசுறவன்” என்று ஃபேஸ்புக்கில் ஆரம்பித்து ஆளையே திட்டுவார்கள். பகிரங்கம் இருக்கு; வாசிச்ச தடயம்தான் இல்லை. எந்தக் கதை, எந்த இடத்தில், ஏன் சறுக்கியது என்று ஒரு வரி இருக்காது. காரணத்தை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் உரக்கச் சொல்வதும் ஒளிப்புத்தான்.

விமர்சனத்துக்கு இரண்டும் வேண்டும். நினைத்ததைச் சொல்லணும், அதைப் பெயர் போட்டு, மேற்கோள் காட்டி, எழுதியவர் பதில் சொல்லக்கூடிய இடத்தில் சொல்லணும். பாராட்டுக்கும் அதே விதிதான். ‘மைல்கல்’ என்றால் எந்தச் சாலையில், எத்தனையாவது கல் என்று கேட்க வாசகருக்கு உரிமை இருக்கிறது.