சக்கரமும் சேலையும்

இலக்கியத்தில் ஒரு பொருள் குறியீடாக உயர்வது அதற்கு வாய்க்கும் பெருமையாகும். ஆயினும் குறியீடான பின்னர் அது பொருளாக இருக்கும் தன்மையை இழந்துவிடுவதும் உண்டு. விளக்கு அறிவாகிறது, ஓடம் வாழ்வாகிறது, அதன்பின் விளக்கின் திரியையும் ஓடத்தின் துளையையும் எவரும் பார்ப்பதில்லை. பெண் ஏறிய மிதிவண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. பேச்சுப் போட்டி மேடையில் அது விடுதலை. கவியரங்கில் அது புதுமைப்பெண்ணின் தேர். அவள் அன்று என்ன உடுத்தியிருந்தாள், முந்தானையை எங்கே செருகினாள், பின்னால் எதைக் கட்டி ஏற்றிச் சென்றாள் என்னும் வினாக்கள் அற்பமானவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவை அற்பமானவை அல்ல என்பதற்குத் தமிழகத்திலேயே நல்லதொரு சான்று உண்டு.

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பெண் எழுத்தைக் கற்றால் போதாது, தன் கால் வலிவால் ஊர் எல்லையைக் கடக்கவும் வேண்டும் என்பது அத்திட்டத்தின் உள்ளீடு. பேருந்து வருவது அரிதான சிற்றூர்களில் இதன் பயன் உடனே தெரிந்தது. வயல் வேலை செய்வோர், கல்லுடைக்கும் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள், பூ விற்போர் எனப் பலரும் கற்றனர். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்து, கொடி கட்டி, புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலமாகச் சென்றனர். பொது நிகழ்ச்சிகளில் தம் திறமையைக் காட்டியோர் 70,000க்கு மேல் என்பது இவ்வியக்கத்தை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் தரும் கணக்கு. அவருடைய கட்டுரை 1996இல் வெளிவந்த ஆங்கில நூலில் இடம்பெற்றது. பின்னர் இந்தி வடிவில் இந்தியப் பள்ளி மாணவர்களுக்குப் பாடமாகவும் ஆயிற்று. தமிழ்ப் பெண்களைப் பற்றிய இக்கட்டுரையை இந்தி மாணவர் அறிந்த அளவிற்குத் தமிழ் மாணவர் அறியார் என்பது வருந்தத்தக்கதே.

இவ்வியக்கம் இரு எழுத்துகளைத் தந்தது. ஒன்று, அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் இயற்றி ஊர்தோறும் பாடப்பெற்ற பாடல். மற்றொன்று சாய்நாத்தின் கட்டுரை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது திறனாய்வு பயிலும் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். பாடல் தங்கையை விளித்துப் பேசும் அண்ணனின் குரல். அதில் சக்கரம் வாழ்வாக உருவகம் பெறுகிறது. மக்களைத் திரட்ட வேண்டிய பாடலுக்கு இந்த உருவகம் தேவைதான். அதைக் குறையென்று கூறுவதற்கில்லை. கட்டுரையோ அண்ணன் குரலைக் கைவிட்டுப் பெண்களையே பேச விடுகிறது. அதனால் பாடலில் இடம்பெற இயலாத சிறு செய்திகள் அதனுள் வந்து அமர்கின்றன.

அவற்றுள் தலையாயது குறுக்குக் கம்பி பற்றிய செய்தி. பேச்சு வழக்கில் 'பார்' எனப்படும் அக்கம்பி, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடுவது. ஆண்கள் வண்டியில் மட்டும் இருப்பது. நீண்ட ஆடை தடுக்காமல் ஏறி அமர வேண்டும் என்பதற்காகவே மேனாட்டார் பெண்கள் வண்டியில் அதைக் கீழிறக்கினர்; சங்கிலிக்கு மூடியும் இட்டனர். ஆகவே, பெண்கள் வண்டி என்பது பெண்ணின் உடலை நோக்கிச் செய்யப்பட்டதன்று. அவளுடைய ஆடையை நோக்கிச் செய்யப்பட்டதாகும். புதுக்கோட்டையில் பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலரும் ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டனர். இஃது இயல்பு. சிலர் அதையே விரும்பித் தேர்ந்தனர் என்பதுதான் வியப்பு. காரணம் என்ன? அந்தக் கம்பியின்மேல் குழந்தையை அமர்த்தலாம்! நீண்ட ஆடைக்குத் தடை என்று ஒரு நாட்டார் நீக்கிய கம்பியை, பிள்ளைக்கு இருக்கை என்று மற்றொரு நாட்டுப் பெண் தேடி எடுத்துக்கொள்கிறாள். சேலையோடு அக்கம்பியை எவ்வாறு சமாளித்தாள் என்பது அவளுடைய திறமை. நூறு விடுதலை உரைகள் சொல்லாததை இந்த ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. கட்டுரையாளரின் கண் இங்கே உயர்ந்து நிற்கிறது எனலாம்.

மற்றொரு செய்தி ஆடை பற்றியது. கீழக்குறிச்சி என்னும் சிற்றூரில் வண்டி பழக வந்த பெண்கள், நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த உடைகளை உடுத்தி வந்திருந்தனர் என்று சாய்நாத் எழுதுகிறார். எழுதி, அவர்களது ஆர்வத்திற்கு அதை ஓர் அடையாளமாக்கி, மேலே சென்றுவிடுகிறார். இவ்விடத்தில் அவர் சற்று நின்றிருக்கலாம். மிதிவண்டி பழகுவோர் விழுவர், முழங்கால் சிராயும், சங்கிலி எண்ணெய் துணியில் படியும். ஆகையால் பழந்துணி உடுத்தி வருவதே அறிவுடைமை. இதை அறியாத பெண்களா அவர்கள்? வீட்டில் துணி துவைப்போரும் அவர்களே அன்றோ! அறிந்தே நல்ல சேலையை உடுத்தினர். கோயிலுக்கும் திருமணத்திற்கும் உடுத்துவதைச் சாலைக்கும் உடுத்தினர். தம்மைப் பிறர் பார்ப்பர் என்பது அவர்களுக்குத் தெரியும். இழிசொல் கூறியோரும் அன்று இருந்தனர். பார்க்கத்தான் போகிறார்கள் என்றால் எவ்வாறு பார்க்கப்பட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தனர். இதனைப் பகட்டு என்று ஒதுக்கும் திறனாய்வாளர், கண்ணகியின் சிலம்பையும் பகட்டு என்றே ஒதுக்க நேரும்.

மேனாட்டு வரலாறு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1890களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மிதிவண்டி ஏறிய பெண்கள் ஆடையை மாற்றத் தொடங்கினர். தரையைத் தொடும் பாவாடை போய், 'புளூமர்' எனப்பட்ட தளர்ந்த காற்சட்டை வந்தது. 1894இல் பாஸ்டனிலிருந்து உலகப் பயணம் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி, நீண்ட பாவாடையில் புறப்பட்டு, வழியிலேயே அதைக் களைந்து காற்சட்டைக்கு மாறினார். அவரது பெயர்கூடச் சொந்தப் பெயரன்று. விளம்பரப் பலகையை வண்டியில் தாங்கிச் செல்லப் பணம் கொடுத்த குடிநீர் நிறுவனத்தின் பெயராகும். அங்கே வண்டிக்காக ஆடை வளைந்தது. புதுக்கோட்டையில் ஆடை வளையவில்லை; வண்டி வளைந்தது. இவற்றுள் எது முற்போக்கு என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. ஆடையைத் தேர்ந்தவள் அவளா, பிறரா என்பதே வினா.

இனி, ஊர்வலமும் பாடலும் இல்லாத அன்றாட நிலைக்கு யாழ்ப்பாணத்தையே காட்டுதல் வேண்டும். அந்நகரில் மிதிவண்டி பெண்ணுக்கு ஓர் இயக்கமாக வரவில்லை. பழக்கமாகவே இருந்து வந்தது. பள்ளி மாணவியும் ஆசிரியையும் அலுவலகப் பெண்ணும் அதில்தான் சென்றனர். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதானபோது, நகரமே மிதிவண்டியில் நகர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவரும் 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவருமான டாக்டர் ராஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொடுமையைப் பதிவு செய்வோர் மிதிவண்டியை வியந்து பேசுவதில்லை. ஒரு பேராசிரியை வண்டி மிதித்து வீடு திரும்புவது அவ்வூரில் செய்தியே அன்று. புதுக்கோட்டையில் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது, யாழ்ப்பாணத்தில் கவனிக்கப்படாத அளவிற்கு இயல்பாயிற்று. பெண்ணின் பயணம் அடைய வேண்டிய நிலை இரண்டாவது நிலைதான். ஆனால் கவனிக்கப்படாதது எழுதப்படாமலும் போய்விடும் என்னும் இடரும் அதனுள் உண்டு.

கெடா மாநிலத்தில் நேர்ந்திருப்பது இந்த இடரே ஆகும். பொருள் தேடிக் கடல் கடப்போன் மகளிரை உடன் கொண்டு செல்வதில்லை என்பது தொல்காப்பியர் கண்ட மரபு. அந்த மரபை மீறிக் கப்பலேறிய பெண்களின் மகள்களும் பேத்திகளும் பீடோங், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் கித்தா மரம் சீவினர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும்போது கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கொசுவுக்கும் பால் கறைக்கும் ஏற்ற உடை அது. சம்பளம் வாங்கியபின் சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ போகும் நாளில் சேலை, பூ, பவுடர். ஒரே பெண்ணுக்கு இரு தோற்றங்கள். இடையே செம்மண் சாலை. அதில் சிலருக்கு மிதிவண்டி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு வண்டி மிதித்த மாணவிக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பினஃபோரும். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் வெள்ளைச் சட்டையை என்ன செய்யும் என்பது தோட்டத்தில் பிறந்தோர்க்குச் சொல்லாமலே விளங்கும். பின்னாளில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகித் தாமான்கள் எழுந்தன. மிதிவண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிளும் பள்ளி வேனும் பிடித்துக்கொண்டன. கெடா மண்ணின் தோட்ட வாழ்வைப் புனைகதையாக்கிய சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் போன்றோரின் படைப்புகளைப் படிக்கும் மாணவர், அவற்றில் பெண்கள் எதில் ஏறிச் செல்கின்றனர், எதை உடுத்திச் செல்கின்றனர் என்று குறிப்பெடுத்துப் பார்ப்பது நன்று. கதைச் சுருக்கம் எழுதுவதைக் காட்டிலும் இது பயனுள்ள வேலை.

தமிழ்நாட்டிலும் மிதிவண்டி பழகும் கதை பெரும்பாலும் சிறுவனின் கதையாகவே சொல்லப்படுகிறது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையும், அதைத் தழுவி 2024இல் வெளிவந்த 'குரங்கு பெடல்' திரைப்படமும் அத்தகையனவே. அவை நல்ல படைப்புகள் என்பதில் ஐயமில்லை. எனினும், கால் எட்டாத வயதில் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து மிதிக்கும் அந்தக் குரங்குப் பெடலைப் பாவாடை கட்டிய சிறுமி எவ்வாறு மிதித்தாள் என்பது வேறொரு கதை.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வேரூன்றிய கட்டுரை வகை ஒன்று உண்டு: தன்கதை. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்படும்வரை 'நான் ஒரு மிதிவண்டி' என்னும் தலைப்பு எத்தனை பயிற்சி நூல்களில் அச்சேறியது என்பதை ஆசிரியர்கள் அறிவர். தொழிற்சாலையில் பிறப்பு, கடையில் காத்திருப்பு, தேர்வில் சிறந்த பையனுக்கு அப்பாவின் பரிசு, விபத்து, கொட்டகை மூலையில் துரு. வாய்பாடு மாறுவதே இல்லை. அதே தலைப்பில், வாங்கியவர் ஒரு பெண் என்னும் ஒரே மாற்றத்தோடு எழுதுமாறு வகுப்பில் பணித்தால், வாய்பாடு இரண்டாம் பத்தியிலேயே உடைந்துபோகும். கம்பி உள்ள வண்டியா, இல்லாத வண்டியா? அவள் கைலியில் வந்தாளா, பினஃபோரில் வந்தாளா? பின்னிருக்கையில் இருப்பது பால் வாளியா, புத்தகப் பையா, தம்பியா? இவற்றுக்கு விடை தேடும் மாணவி வீட்டிற்குப் போய்ப் பாட்டியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.