எரியாமல் எஞ்சிய தாள்

‘பிலோமினா’ திரைப்படம் 2013இல் வெளிவந்தபோது டப்ளினில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். முதுகலை படிக்க வந்து, மென்பொருள் வேலையோடு இங்கேயே தங்கிவிட்டவன் நான். அரங்கில் பலர் அழுதார்கள், நானும் அழுதேன். அண்மையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு அதை மறுபடி பார்த்தேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: “அவ எதுக்குடா மன்னிக்கணும்? அவங்கதான் மன்னிப்பே கேக்கலையே?” முதல்முறை நான் அழுத காட்சியைப் பற்றித்தான் கேட்டார்.

கதை உண்மைக் கதை. மணமாகாமல் கருவுற்ற பிலோமினா லீ, அயர்லாந்தின் ரோஸ்கிரேயில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஷான் ராஸ் மடத்துக்கு அனுப்பப்பட்டார். 1952இல் மகன் ஆன்டனி பிறந்தான். மடத்துச் சலவைக்கூடத்தில் உழைத்தபடி மூன்று ஆண்டுகளுக்கு மேல் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1955 டிசம்பரில் அவனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்த மகன் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகரானார். 1995இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

மார்ட்டின் சிக்ஸ்மித் 2009இல் எழுதிய மூலநூலின் தலைப்பில் தாயின் பெயர் இருக்கிறது. பெரும்பாலான பக்கங்களோ மகனுடைய அமெரிக்க வாழ்க்கைக்குப் போய்விடுகின்றன. இயக்குநர் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இதைத் திருப்பிப் போட்டது படத்தின் பெரிய பலம். ஜூடி டென்ச்சின் பிலோமினா சோகச் சிலை அல்ல. படித்த காதல் நாவலின் கதையை மூச்சுவிடாமல் சொல்கிறார். ஓட்டல் உபசரிப்பில் குழந்தைபோல் மகிழ்கிறார். நமக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவைப் போல இருக்கிறார். அதனால்தான் அவருடைய இழப்பு நம்மைத் தாக்குகிறது.

சிக்கல் உச்சக்காட்சியில். பிலோமினா முதிய கன்னியாஸ்திரி ஹில்டகார்டை நேருக்கு நேர் பார்த்து மன்னிக்கிறார். உண்மையில் ஹில்டகார்ட் இறந்தது 1995இல், சிக்ஸ்மித் இந்தக் கதையைக் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. அந்தச் சந்திப்பு கற்பனை. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இந்தக் கற்பனை என்ன செய்கிறது? சட்டமும் திருச்சபையும் சமூகமும் கூடிச் செய்த ஒன்றை ஒரு கிழவியின் கல்நெஞ்சாகச் சுருக்கிவிடுகிறது. அவரை மன்னித்ததும் கணக்கு முடிந்ததுபோல் நாமும் நிம்மதியாக எழுந்து வருகிறோம்.

இதற்குப் பதில் சொல்லும் காட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது. மகனைப் பற்றிய ஆவணங்கள் தீயில் போய்விட்டன என்கிறது மடம். ஆனால் பிள்ளைமீது இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று பிலோமினா கையெழுத்திட்ட தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மன்னிப்புக் காட்சியைவிட இந்தக் காட்சியே உண்மைக்கு நெருக்கமானது.

தரவுகளைப் பொருத்திப் பார்ப்பது என் அன்றாட வேலை. மகன் 1977இலும் 1993இலும் ரோஸ்கிரே மடத்துக்கு வந்து தாயைப் பற்றிக் கேட்டார். தாயும் அதே மடத்தில் மகனைப் பற்றிக் கேட்டார். இரண்டு கேள்விகளும் வந்து சேர்ந்தது ஒரே இடத்துக்கு. அவற்றைப் பொருத்திப் பார்க்கக் கணினி வேண்டியதில்லை. ஒரு பழைய பேரேடு போதும். எங்கள் தொழிலில் இப்படி நடந்தால் பிழை என்போம். இங்கே அது பிழை அல்ல. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. கடைசியில் தாய் கண்டடைந்தது கல்லறையை. தன்னை அந்த மடத்து மண்ணிலேயே புதைக்கும்படி மகன் கேட்டிருந்தார்.

“குந்திகூடப் பிள்ளையப் பெட்டியில வச்சு ஆத்துல விட்டாளே” என்றார் அம்மா. பிள்ளையைப் பிரிந்த தாய் என்றால் நம் நினைவுக்கு வருபவள் குந்திதான். மகன் செத்த பிறகே வாய்விட்டு அழுதவள். பிலோமினாவும் ஐம்பது ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை ஆற்றில் விட்டவர் அவரல்ல. நாம் இந்தத் தாய்மார்களைக் குந்தியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் ‘ஏன் விட்டாய்?’ என்று கேட்கிறோம், ‘யார் எடுத்தது?’ என்று கேட்பதில்லை.

அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் தம் பிறப்பு ஆவணங்களைப் பெற வழி திறந்தது. பெற்ற தாய் தேடலுக்கு உதவி கேட்கலாம்; பிள்ளைக்குக் கிடைத்த அந்த ஆவண உரிமை அவருக்கு இல்லை.

அம்மாவுக்கு என் பதில் இதுதான்: நிஜப் பிலோமினாவும் மன்னித்துவிட்டதாகத்தான் சொன்னார். ஆனால் அதோடு நிற்கவில்லை. படம் வெளிவந்த பிறகு, தத்து ஆவணங்களைத் திறக்கக் கோரி 2014இல் தன் பெயரிலேயே ஓர் இயக்கத்துக்குக் குரல் கொடுத்தார். மன்னித்தவர் கணக்குக் கேட்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.