கிட்டார் ஹார்மோனிக்ஸ்: வரமும் வரம்பும்

12-ஆம் ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே, தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் தெளிவான மணியோசை எழும். நேற்றுக் கிட்டார் எடுத்தவருக்கும் இது வசப்படும். இந்தச் சுலபம்தான் ஹார்மோனிக்ஸின் கவர்ச்சி. அது மலிந்துபோவதற்கும் காரணம் அதுவே.

மீட்டிய தந்தி முழு நீளத்திலும், இரண்டு, மூன்று, நான்கு கூறுகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. சரிபாதியில் விரல் பட்டால், அந்தப் புள்ளியில் அசைய வேண்டிய அதிர்வுகள் அடங்கிவிடும், மற்றவை மிஞ்சும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்தாயி மேலே, 7-இல் அதற்கும் மேலுள்ள பஞ்சமம், 5-இல் இரண்டு ஸ்தாயி மேலே. விரலை எடுத்த பின்னும் ஒலி நீடிப்பதால், பல தந்திகளின் ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். சாதாரண வாசிப்பில் கைக்கு எட்டாத கார்டுகளும் இப்படி அமையும்.

குறைகளும் இதே இயற்பியலில்தான் பிறக்கின்றன. தந்தி தரும் சுரங்களைத்தான் வாங்கிக்கொள்ள முடியும். வேண்டியதைக் கேட்க முடியாது. அடிச்சுரம் அடங்கிவிடுவதால் ஒலி மெலிது. வழக்கமான வைப்ராட்டோவுக்கும் வழியில்லை.

இதற்கு மாற்றாக, இடக்கை அழுத்தும் சுரத்திலிருந்து 12 ஃப்ரெட் தள்ளி வலக்கை ஆள்காட்டி விரலால் தொட்டு, அதே கையின் இன்னொரு விரலால் மீட்டுவார்கள். எந்தச் சுரமும் கிடைக்கும், வேகம்தான் குறையும். கத்தலான் நாட்டார் பாடலான ‘எல் டெஸ்டமென்ட் த அமேலியா’வை கிட்டாருக்கு அமைத்த மிகெல் யோபெத், மெதுவாக நகரும் அதன் மெட்டை இப்படி ஒலிக்கவிட்டார், அங்கே வேகக்குறை தெரிவதே இல்லை. கனடாவின் லென்னி ப்ரோ, ஹார்மோனிக்கையும் சாதாரண சுரத்தையும் மாற்றி மாற்றி வாசித்து அந்தத் தடையையும் தாண்டினார்.

பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஹார்மோனிக்ஸ் கொண்டு சுருதி சேர்ப்பதை. 6-ஆம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் ஒலியையும் 5-ஆம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட் ஒலியையும் சேர்ந்து ஒலிக்கையில் கேட்கும் ஏற்ற இறக்க அலைவு நிற்கும்வரை இணைப்பார்கள், அடுத்த தந்திகளையும் இப்படியே. காதுக்கு அப்பழுக்கில்லை. ஆனால் ஃப்ரெட்டுகள் ஸ்தாயியை 12 சமப் பங்காகப் பிரிப்பவை. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு தந்திக்கும் சுமார் 2 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, இறங்கிக்கொண்டே போகும். 3-ஆம் தந்திக்கு வரும்போது 6 சென்ட் இறக்கம். 2-ஆம் தந்தியை 6-ஆம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட் ஒலியோடு சேர்த்தால் அது 2 சென்ட் ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 8 சென்ட் அகன்று, ஜி மேஜர் கார்டு உறுத்தும். சரியாகச் சேர்ந்த கிட்டாரில் அந்த முதல் ஜோடி ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒருமுறை அலையத்தான் வேண்டும்.

பாட்டின் கடைசியில் ஒட்டவைக்கும் 12-ஆம் ஃப்ரெட் மணியோசையும், பிக்கோடு கட்டைவிரலும் தந்தியைத் தொட, ராக் சோலோவில் அடிக்கடி கீச்சிடும் பிஞ்ச் ஹார்மோனிக்கும் சலிப்பதில் வியப்பில்லை. எடுத்துவிட்டாலும் பாட்டுக்கு நட்டமில்லை. ஜாக்கோ பஸ்டோரியஸ் பேஸ் கிட்டாரில் வாசித்து 1976-இல் வெளியான ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’யில் ஹார்மோனிக்ஸை எடுத்தால் மெட்டும் இல்லை, கார்டும் இல்லை. இந்த உத்தியை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.