சும்மா ஓடுகிறவள்

'ஓடுகாலி' என்ற சொல்லில் இலக்கணப்படி பால் இல்லை. நாற்காலி, முக்காலி போலத்தான் அதுவும். நான்கு கால் உடையது நாற்காலி. ஓடும் கால் உடையவர் ஓடுகாலி. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை ஓர் ஆணின் மேல் வீசி நான் கேட்டதில்லை. வேலைவெட்டி இல்லாமல் அலைகிற ஆண் 'ஊர்சுற்றி'. அந்தத் திட்டில் பாதி செல்லம் கலந்திருக்கும். வேகமாக ஓடுகிற ஆண் ஓட்டக்காரன். ஓடும் கால் பெண்ணுக்கு வாய்த்தால் மட்டும் அது வசை. 'அவ ஓடிட்டா' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. யாரோடு என்றுதான் கேட்பார்கள்.

இந்தச் சொல்லோடுதான் நான் நாற்பது வயதைக் கடந்த பிறகு ராமநாதபுரத்தில் ஓர் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பு இரண்டு வரிதான். வயதும் வேகமும் தடையில்லை, அனைவரும் வரலாம் என்றது முதல் வரி. பெண்கள் ஆரோக்கியமாக இருந்தால் குடும்பமே ஆரோக்கியமாக இருக்கும் என்றது இரண்டாவது. பாடம் நடத்திப் பழகியவள் எதையும் பிரதியாகவே வாசிப்பாள். முதல் வரி கதவைத் திறக்கிறது. இரண்டாவது வரி, உள்ளே வருகிற பெண்ணிடம் மட்டும் காரணம் கேட்கிறது. ஆண்கள் ஆரோக்கியமாக இருந்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவர்கள் ஓடுவதற்குக் குடும்பத்தின் பெயர் தேவைப்படவில்லை.

இது எங்கள் ஊர்க் குழுவின் தவறு மட்டுமல்ல. மிலிந்த் சோமனும் ரீமா சங்வியும் 2012இல் மும்பையில் தொடங்கிய 'பிங்கத்தான்', பெண்களுக்கு மட்டுமான ஓட்டம். அதுவரை மைதானத்தின் பக்கமே போகாத ஏராளமான பெண்களை அது சாலைக்குக் கொண்டுவந்தது. புடவையில் ஓடினார்கள், குழந்தையைச் சுமந்து வந்தார்கள். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதுவும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்ற காரணத்தைக் கையில் ஏந்தித்தான் வந்தது. பெண் சாலையில் ஓட ஒரு நோயாவது துணைக்கு வர வேண்டியிருக்கிறது.

நம் இலக்கியத்தை எடுத்துக்கொண்டாலும் பெண் காரணமில்லாமல் வீட்டைவிட்டு நகர்வதில்லை. சங்கப் பாடல்களில் அவள் பாலை நிலத்தைக் கடப்பது உடன்போக்கில். காதலன் முன்னே நடக்க, அவள் பின்னே. அவளுடைய மெல்லிய பாதங்களை நினைத்துச் செவிலி புலம்புவாள். நடந்தவளுக்கு அந்த வழி எப்படி இருந்தது என்பது அரிதாகவே நம் காதில் விழுகிறது. தனியாகத் திரிந்த பெண்கள் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். ஔவை முதுமையை வேண்டிப் பெற்ற பிறகுதான் ஊர் ஊராகப் போனாள் என்கிறது வழக்குக் கதை. காரைக்கால் அம்மையார் உடம்பின் தசையை உதறிப் பேய் வடிவம் கொண்ட பிறகுதான் கயிலைக்குப் போகிறார். அதுவும் கால் படக்கூடாது என்று தலையால் நடந்து. பெண் நகர வேண்டுமானால் தன் இளமையான உடம்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த உடம்போடு, அதன் வியர்வையோடும் மூச்சிரைப்போடும் குலுங்கும் மார்போடும் விடியற்காலையில் சாலையில் ஓடுவதுதான் இங்கே புதிது.

விளையாட்டு உலகமும் இந்த உடம்பை நம்பியதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதாக்கி எழுதின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று அந்தப் போட்டியையே நீக்கினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை அது திரும்பி வரவில்லை. அதே 800 மீட்டரில்தான், எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண் ஓடினால் உடம்பு தாங்காது என்றார்கள் 1928இல். நன்றாக ஓடினால் நீ பெண்தானா என்றார்கள் 2006இல். இரண்டுக்கும் நடுவே, யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு வேகம் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பத்திலிருந்து வந்தவர் சாந்தி. அந்த ஒதுக்கீட்டை மீறினால் யார் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர் கதை சொல்கிறது.

நான் மீறக்கூடிய ஆள் இல்லை. என் வேகம் குழுவிலேயே கடைசி. முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்குப் பட்டணம்காத்தான் பக்கம் கூடினோம். இருபது பேருக்கு மேல் இருப்போம். பெண்கள் ஐந்து பேர். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். 'மேடம், நீங்க உங்க ஸ்பீடுல வாங்க, அவசரமே இல்ல' என்றார் ஒருவர். முதல் கிலோமீட்டரிலேயே அவர்களுடைய முதுகுகள் சின்னதாகிவிட்டன. ஓடியும் நடந்தும் நான் திரும்பி வந்தபோது சுண்டல் கிண்ணங்கள் காலியாகியிருந்தன. குழுப்படம் எடுத்து முடித்து, அது வாட்ஸ்அப்பிலும் வந்திருந்தது. தலைப்பு: 'இன்று ஓடிய அனைவரும்'.

யாரும் என்னை விலக்கவில்லை. அதனால்தான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலக்கி வைப்பவர்களிடம் சண்டை போடலாம். கனிவாக மறந்துவிடுகிறவர்களிடம் என்ன பேசுவது? 'அனைவரும்' என்ற சொல் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அழைக்கும்போது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். எண்ணும்போது வேகமாக வந்தவர்களோடு நின்றுவிடும். பெண் எழுத்தைப் பற்றிய நம் தொகைநூல்களிலும் கருத்தரங்குகளிலும் இதே 'அனைவரும்' உண்டு. அங்கேயும் படம் எடுத்த பிறகு வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கிய 'பார்க்ரன்' இதற்கு ஒரு வழி கண்டது. சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. அங்கே தன்னார்வலர் ஒருவருடைய வேலையே எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதுதான். பங்கேற்பாளர் யாருக்கும் கடைசி இடம் கிடைக்காது. அந்த இடம் வேலையாக ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2024இல் வேகச் சாதனைப் பட்டியல்களையும் தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. கனிவை ஒரு மனநிலையாக விட்டுவிடாமல் ஏற்பாடாக மாற்றியதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

இதற்கு லண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து கிளம்பும் மூவரில் நடந்து பழகாதவள் கண்ணகி. அரங்கத்தை அடையும்வரை அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை. பிறகு வெயில் அவளுக்கு ஆகாது என்று பயணத்தையே இரவுக்கு மாற்றுகிறார்கள். கோவலனும் கவுந்தியடிகளும் வேகமாக நடந்திருக்க முடியும். ஆனால் குழுவின் வேகத்தைத் தீர்மானித்தது கடைசியாக நடந்தவளின் பாதம். காப்பியத்தை மாணவிகளுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்; இதைக் கவனித்தது ஓடத் தொடங்கிய பிறகுதான். அதே கண்ணகி பின்னால் மதுரைத் தெருக்களில் யாருடைய துணையும் இல்லாமல் விரைகிறாள். அப்போது அவளுக்கு வேகத்தைக் கொடுத்தது கணவனின் சாவு.

இந்த இடத்தில் ஒரு சந்திப்பைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரமோ என்னவோ, எதிரே ஓர் அக்கா தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்தில் விடியலின் ஓசையே அந்த வண்டிச் சக்கரம்தான். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்.

'எங்க தாயி இம்புட்டு வெரசா ஓடுறிய? வீட்டுல யாருக்கும் முடியலையா?'

'இல்லக்கா, சும்மாதான்.'

'சும்மாவா?'

அவர் சிரித்த சிரிப்பில் கேலி இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது. ஓடுகிற பெண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது சாவோ நோயோதான். கண்ணகியின் ஓட்டத்தை அவர் படித்திருக்க வேண்டியதில்லை.

'சும்மா' என்ற சொல்லைப் பிறகு விடமுடியவில்லை. நம் ஞான மரபில் சும்மா இருப்பது பெரிய நிலை. அதை அடைந்ததாகப் போற்றப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்ணுக்கு அந்தச் சொல் வேறு விதமாக வந்து சேர்கிறது. 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்றால் சமைத்து, துவைத்து, தண்ணீர் தூக்கி, முதியவரைக் குளிப்பாட்டி முடித்தவள் என்று பொருள். அவள் உழைப்புக்குச் 'சும்மா' என்று பெயர் வைத்தவர்கள், உண்மையாகவே அவள் சும்மா ஒன்றைச் செய்தால் பொறுப்பதில்லை. என் மாணவி ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். 'மேம், எதுக்கு ஓடுறன்னு கேப்பாங்க. போட்டின்னா சொல்லிக்கலாம், போலீஸ் செலக்ஷன்னா சொல்லிக்கலாம். சும்மான்னு எப்படிச் சொல்றது?' என்றாள். அவளிடம் எனக்குப் பதில் இருக்கவில்லை. இன்றும் முழுமையான பதில் இல்லை.

'அனைவருக்கும்' என்று சொல்லும்போது இந்தக் கடற்கரையின் வேறு சிலரையும் நினைக்க வேண்டும். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் புடவைக்கு மேல் சட்டை போட்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கடல் பாழாகக் கூடாது என்று தாங்களே பேசி வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் 'சீகாலஜி' விருது கிடைத்தது. மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் போகிற அந்த நுரையீரலுக்கு முன் எங்கள் குழுவின் வேகமான ஆளும் குழந்தைதான். இவர்களையும் ஓட அழைத்தால் என்ன என்று ஒருநாள் யோசித்தேன். யோசித்த மறுகணம் கூசிப்போனேன். ஆரோக்கியம் என்ற சொல், உட்கார்ந்து வேலை செய்கிற என்னைப் போன்றவர்கள் நம் உடம்புக்காகக் கண்டுபிடித்துக்கொண்டது. நாளெல்லாம் அசைகிற பெண்ணுக்கு வேண்டியது ஐந்து மணி ஓட்டம் அல்ல. ஐந்து மணித் தூக்கமாகவும் இருக்கலாம். அவர்களுக்கும் எனக்கும் பொதுவாக மறுக்கப்பட்டிருப்பது ஓட்டம் இல்லை, யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம். அதைக் கேட்பதில்தான் நாங்கள் ஒரே குழு.

குழுவில் இரண்டு விஷயங்கள் கேட்டேன். கடைசி ஆள் வந்த பிறகே படம் எடுக்க வேண்டும். வாரம் ஒருவர் முறைவைத்துக் கடைசியில் வர வேண்டும். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். முறைவைத்து என்னோடு நடந்த வேகக்காரர் ஒருவர், இத்தனை நாள் ஓடியும் இந்தச் சாலையோரத்தில் இவ்வளவு கருவேலம் இருந்ததைப் பார்த்ததே இல்லை என்றார். அழைப்பின் இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொன்னதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. குடும்பத்தைச் சொல்லாவிட்டால் பெண்களை யார் அனுப்புவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்பதுதான் அதன் கொடுமை.

அந்த மாணவி இரண்டு வாரம் வந்தாள், பர்தாவும் ரப்பர் செருப்புமாக. பிறகு வரவில்லை. காரணம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தவில்லை. அவளுக்கான இடத்தை மட்டும் பேசி வைத்திருக்கிறேன். தள்ளுவண்டி அக்காவை அநேகமாக எல்லா ஞாயிறும் பார்க்கிறேன். இப்போது அவர் வண்டியை நிறுத்துவதில்லை.

'இன்னைக்கும் சும்மாத்தானா?'

'இன்னைக்கும் சும்மாத்தான்க்கா.'